நான் எழுதிய பதினொன்றாம் விதி

நம் தொண்டு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும் இதை எழுதுகிறேன். வரும் வெள்ளிக்கிழமையோடு நான் விலகுகிறேன். ஓய்வுபெறும் வயதில்லை, கடற்கரைக் கட்டுமானம் பற்றி மேலே படிக்கப் போகிறேன். வண்டிக்கு யாரிடம் சொல்ல வேண்டும், எந்த மென்பொருள் எப்போது மக்கர் செய்யும், தார்ப்பாய்களை எங்கே அடுக்கியிருக்கிறோம் என்பதெல்லாம் தனித்தாளில், வரிசை எண் போட்டு இருக்கிறது. இந்தக் கடிதம் அந்த வகையில் அடங்காதது. நான் செய்த ஒரு தவறு பற்றியது. நல்ல எண்ணத்தோடும் நல்ல கையெழுத்தோடும் செய்த தவறு. அதனால்தான் அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாளானது.

தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் கடலோரத் தெரு ஒன்றில் கள்ளக்கடல் ஏறிய கோடை அது. காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கரையேறி வரும் அலைக்கு அங்கே அந்தப் பெயர். பல வீடுகளில் முன்சுவர் போனது. சுவர் போன வீடுகளில் கூரையும் சாய்ந்தது. ஜூனில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் வீடுகளைச் சரிசெய்தாக வேண்டும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நம் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு முடிவெடுத்திருந்தது. இனி நிவாரணத்தை நாமே போய் நேரடியாகக் கொடுக்கமாட்டோம். அந்தந்த ஊரில் ஏற்கெனவே இயங்கும் அமைப்புகள் முன்னின்று செய்யட்டும். நாம் பின்னால் நிற்போம். நல்ல முடிவு. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தத் தெருவுக்கு ஏற்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, அதைத் தயார்செய்து, ஒப்பந்தம் போடும் வேலை எனக்கு வந்தது.

மீன் விற்கும் பெண்களின் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. செயலாளர் ஜெசிந்தா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். விடியலில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, பத்து மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு, பதினொரு மணிக்குச் சங்கத்துக் கணக்குநோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் கட்டடப் பொறியியல் படித்தவள் என்பதால் என்னை எப்போதும் "எஞ்சினியரே" என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று என்னால் அளக்க முடிந்ததில்லை.

திறன் மதிப்பீட்டுப் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். சங்கம் முப்பத்தொன்பதில் தேறியது. நான் சிவப்புப் பேனாவால் குறித்த மூன்று இவை. ஒன்று, உதவி பெறுவோரின் பட்டியலை ஊர்க் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கிறார்கள். இரண்டு, முடிவுகளை நிர்வாகக் குழு தனியாக எடுப்பதில்லை. அதே கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எடுக்கிறார்கள். மூன்று, பட்டியல் வேலை முடிந்ததும், அங்கேயே உட்கார்ந்து ஆட்சியருக்கு மனு எழுதுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு ஏலக்கூடத்திலேயே நடக்கும். நாற்காலி கிடையாது. ஒவ்வொருத்தியும் தன் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். ஜெசிந்தா ஒரு பெயரை வாசித்துவிட்டு நிறுத்துவார். யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுந்து நின்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி முணுமுணுத்தால் கணக்கில்லை. பட்டியலில் விட்டுப்போன ஒருத்திக்காகப் பேசுவதென்றால் வேறு முறை. பேச்சே வேண்டாம். உன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் கவிழ்த்து உட்கார வேண்டும். மூன்று சட்டி சேர்ந்தால் அவள் பெயர் ஏறும்.

நான் முதலில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் படிவத்தில் அழகுக்கு இடமில்லை. தனிநபர் விவரம் வெளியே போகிறது என்று ஒரு குறி. மனு என்றால் நாளை போராட்டமாகலாம் என்று இன்னொரு குறி. நிதி தந்தது ஒரு பெரிய கம்பெனி. அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: எங்கள் பெயர் சர்ச்சையில் சிக்காதபடி பார்த்துக்கொள்ளவும். அந்த வரியை நான் பத்துமுறை படித்திருப்பேன். பிறகு ஒப்பந்தத்தில் பதினொன்றாம் விதியாக இதைச் சேர்த்தேன்: திட்டக் காலத்தில் கூட்டாளி அமைப்பு பொதுக்கூட்டம், மனு, போராட்டம் எதையும் நடத்தக் கூடாது, எதிலும் பங்கேற்கவும் கூடாது.

யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். மேலே ஒருவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். கீழே நான் கதவையே சாத்திவிட்டேன்.

ஒப்பந்தத்தை ஜெசிந்தா வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பதினொன்றில் விரல் நின்றது.

"எஞ்சினியரே, இது என்னது?"

"அது ஒரு பாதுகாப்புக்கு அக்கா."

"யாருக்க பாதுகாப்புக்கு?"

அவர் வெளியே பார்த்தார். கூரை சாய்ந்த வீடுகள் அங்கிருந்தே தெரியும்.

"மழைக்கு முன்ன தகரம் வேணும். ஒப்பு இடுதேன். ஆனா ஒண்ணு பறயட்டா, இது ஒப்புதான். சம்மதம் இல்ல. ரெண்டும் ஒண்ணுண்ணு நீ போய்ச் சென்னையில பறயப்பிடாது."

அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை. அதற்கு அடுத்த மாதமும் நடக்கவில்லை. நான் கணக்கெடுப்பாளர்களை வைத்து வீடு வீடாக டேப்லெட்டில் விவரம் எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பெண். வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. அவ்வளவு சுத்தமான பட்டியலை நான் அதற்கு முன் தயாரித்ததே இல்லை என்று பெருமையாக இருந்தது.

பட்டியலைச் சங்கத்தின் முத்திரைக்காக ஜெசிந்தாவிடம் கொண்டுபோனது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலைக்குள் அது சென்னைக்குப் போக வேண்டும். தவறினால் நிதி அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போகும். அடுத்த காலாண்டு என்றால் மழை முழுவதும் பெய்து தீர்ந்த பிறகு.

அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பீமா எங்க?"

பீமா அதே தெருவில் கருவாடு விற்பவர். மூன்று பிள்ளைகள். முன்சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார். என் நினைவில் இருந்தது. டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தேன்.

"அவங்க கணவர் வளைகுடாவுல இருக்காரு. வெளிநாட்டு வருமானம் உண்டுன்னு வந்திருக்கு."

"சவம்! அவன் போன கம்பெனி பூட்டியாச்சு. பாஸ்போட்டு கையில இல்லாம கேம்புல கெடக்கான். ஊருக்கே தெரியும்."

"ஆனா அவங்ககிட்டயே கேட்டோம் அக்கா. மாசாமாசம் பணம் வருதுன்னு சொன்னாங்க."

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினார். "பின்னே? முன்ன பின்ன தெரியாத பிள்ள ஒருத்தி வாசல்ல நிண்ணு கேட்டா, எனக்க மாப்பிள்ள ஒண்ணும் அனுப்பல்லண்ணு பறயுவாளா? நீ பறயுவியா?"

சொல்ல மாட்டேன். அந்தக் கரையில் யாருமே சொல்ல மாட்டார்கள். வளைகுடாவுக்கு ஆள் போன வீட்டில், பணம் வரவில்லை என்பதை அந்நியரிடம் சொல்வது, புருஷனைத் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். ஏலக்கூடத்தில் பீமா வாயைத் திறக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. தெரிந்தவர்கள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் நிறுத்தியது வெறும் கூட்டம் என்று நினைத்திருந்தேன். மானம் போகாமல் உண்மை வெளியே வர அந்த ஊர் வைத்திருந்த ஒரே வழி அதுதான்.

"பீமாவைச் சேர்த்திடுறேன்," என்றேன்.

"பீமாவ எனக்குத் தெரியும், சேக்கலாம். எனக்குத் தெரியாத பீமா எத்தன பேரு இதுல விட்டுப்போயிருக்கு? எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. ஊரு கேக்காத லிஸ்ட்ல சங்கத்துக்க சீல் விழாது, மக்கா."

"சனிக்கிழமைக்குள்ள போகலேன்னா மழைக்கு அப்புறம்தான் அக்கா பணம்."

"தெரியும்."

"வீடுங்க நனையும்."

"நனையும். நனஞ்ச வீட்ட ஒணக்கலாம். சங்கத்த நம்பாமப் போனவள எங்க கொண்டு ஒணக்குவேன்?" பிறகு குரலைத் தணித்து ஒன்று கேட்டார். "குழித்துறையில ஆத்தோரத்துல ஒரு மன்றம் இருந்துதே, இப்பம் அது என்ன செய்யுது?"

அந்த மன்றத்தை எனக்குத் தெரியும். முன்பு ஆற்றில் கழிவுநீர் கலப்பதைப் பற்றி ஊரைக் கூட்டிக் கேள்வி கேட்டவர்கள். வெள்ளம் வந்த ஆண்டு நம் கூட்டாளியானார்கள். பயிற்சி கொடுத்தோம், கணினி கொடுத்தோம், அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தோம். இப்போது மிக நல்ல அறிக்கை எழுதுகிறார்கள். கழிவுநீர் கலந்துகொண்டுதான் இருக்கிறது, கேட்க ஆளில்லை. அந்த ஒப்பந்தத்திலும் இதே போன்ற ஒரு விதியை எழுதியது நான்தான்.

அன்று அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் பேருந்திலேயே ஒரு பட்டியல் எழுதினேன். என் முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, முத்திரை இல்லாமலே பட்டியலை அனுப்பிவிட்டு, 'சங்கம் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது. படிவப்படி அது சரி. என் வேலைக்கு ஆபத்தில்லை. இரண்டு, ஜெசிந்தாவிடம் இன்னும் கெஞ்சுவது. மூன்று, பதினொன்றாம் விதி என் சொந்தக் கற்பனை என்று சென்னையில் ஒப்புக்கொள்வது. மூன்றாவதைக் கடைசியாகத்தான் எழுதினேன். எழுதிய பிறகு மற்ற இரண்டையும் பார்க்கவே பிடிக்கவில்லை.

சென்னையில் இருக்கும் என் மேலாளரை அழைத்தேன். விதியைப் பற்றியும், சனிக்கிழமை கூட்டம் நடந்தால்தான் முத்திரை விழும் என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அந்த விதியை கம்பெனி கேட்டாங்களா?"

"இல்லை மேடம்."

"நான் கேட்டேனா?"

"இல்லை."

"நம்ம வக்கீல்?"

"பார்த்தார். ஒண்ணும் சொல்லலை."

"அப்போ நீ எழுதினதை நீயே எடு. இதுக்கு எதுக்கு எனக்கு போன்?" வைக்கப்போனவர் நிறுத்தினார். "சனிக்கிழமை காலைல பதினொரு மணிக்கு கம்பெனி அதிகாரி அங்கே வர்றார். ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி உன் கூட்டத்தை முடிச்சுடு."

இரண்டு மாதமாக நான் மலை என்று நினைத்திருந்தது, தள்ளியதும் நகர்ந்துவிட்டது. அது மலையாக இருந்ததே என் மனதில்தான்.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்திலிருந்து அந்த விதியை எடுத்துவிட்டு, ஜெசிந்தாவோடு உட்கார்ந்து, எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்று பேசினேன். தனிநபர் விவரம் வெளியே போகும் என்று எனக்கிருந்த கவலை உண்மையானது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. "பேரும் வீடும் போரும். சீக்கு, ஆதார், போன் நம்பரு ஒண்ணும் ஊருக்கு வேண்டாம். வீடு நனையுமா இல்லியாண்ணுதான் ஊரு கேக்குது," என்றார். பெயரை வாசிக்க விரும்பாதவர்கள் முன்கூட்டியே சொல்லலாம். அவர்களுக்குச் சங்கத்தில் மூன்று பேர் பொறுப்பேற்பார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டுவந்தேன். இரண்டே வீடுகள் வேண்டாம் என்றன.

சனிக்கிழமை ஏலக்கூடத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மாதம் அடைபட்டிருந்த பேச்சு. சட்டிகளைக் கவிழ்க்கும் ஓசையிலேயே அது கேட்டது. ஜெசிந்தா வாசிக்கத் தொடங்கினார். ஐந்தாவது பெயரில் ஒரு பெண் எழுந்து நின்றார். அவர் பெயர்தான் அது.

"எனக்க வீட்ட அடிச்சிரு. மருமவன் வந்து தகரம் போட்டாச்சு."

"அத முந்தாநாள் பறயாம்லா, பெருசா எழும்பி நிக்கா!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. டேப்லெட் அவரை மிக அவசரம் என்று அடர்சிவப்பில் காட்டியிருந்தது.

பட்டியல் முடிந்ததும் விட்டுப்போனவர்கள். பீமா கடைசி வரிசையில், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சட்டி நகர்ந்தது. அலுமினியம் சிமெண்டில் உரசும் சத்தம். இரண்டாவது. மூன்றாவது. நிற்கவில்லை. ஏழெட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள்.

"மூணு போரும்டி!" என்று ஜெசிந்தா கத்தினார். "எல்லாரும் அங்க போனா இங்க யாரு இருப்பா?"

"நான் ஒண்ணும் கேக்கல்லியே," என்றார் பீமா மெல்ல.

"நீ கேக்காண்டாம். கேட்டாச்சு."

பீமாவைத் தவிர இன்னும் நான்கு வீடுகள் அன்று ஏறின. ஜெசிந்தாவுக்கே தெரியாத வீடுகள். அவர் சொன்னது சரியாகப் போயிற்று. ஒரு கிழவி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி கெழக்கத்தி, ஒனக்க பலகையில இது வருமா?" என்று டேப்லெட்டைக் காட்டிக் கேட்டார். நான் மாவட்டத்தின் கிழக்கே அஞ்சுகிராமத்துக்காரி என்பதால் எனக்கு அங்கே அதுதான் பெயர். "வராது பாட்டி," என்றேன். "பின்ன எதுக்குச் சொமக்க?" என்றார்.

பட்டியல் முடிந்ததும் மனுவை எடுத்தார்கள். தெருவுக்கு முன்னால் தூண்டில் வளைவு வேண்டும். கடலுக்குள் நீண்டு நின்று அலையின் வேகத்தை உடைக்கும் கற்சுவர் அது. தகரம் ஒரு வருடத்துக்கு, கல்தான் பிள்ளைகள் காலத்துக்கு என்று ஒருத்தி எழுந்து பேசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தூணோரம் நின்றவரைப் பார்த்தேன். கம்பெனி அதிகாரி. கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறதே என்று இரண்டு மணிநேரம் முன்னதாகவே வந்துவிட்டார். காலணி மீன் நீரில் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

பக்கத்தில் போனேன். அவர் என்னை விட்டுவிட்டு ஜெசிந்தாவைத்தான் கேட்டார்.

"இது எங்க திட்டத்துல நடக்கிற கூட்டமா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஆமாம் என்றால் அவர் மகிழலாம். மனுவைப் பற்றி வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஜெசிந்தா எழுந்து நின்றார்.

"இல்ல சாரே. இது எங்களுக்க கூட்டம். ஒங்களுக்க திட்டம் இங்க வந்திருக்கு. இரிக்கணும்ணா இரிங்க, சட்டி தரேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சார், இதைத் தடுத்து நான் ஒரு விதி எழுதியிருந்தேன். நேத்து எடுத்துட்டேன். அது இருந்ததால பட்டியல்ல அஞ்சு வீடு விட்டுப்போச்சு. இன்னிக்கு இவங்க சேர்த்துட்டாங்க."

அவர் சட்டியில் உட்கார்ந்தார். இரண்டு முறை சறுக்கினார். சிரிப்பலை எழுந்து அடங்கியது. மனு வாசித்து முடியும்வரை இருந்தார். பிறகு நல்ல மனதோடுதான் சொன்னார்: "ரொம்பப் பிரமாதம். இனிமே எல்லா ஒப்பந்தத்துலயும் இந்தக் கூட்டத்தைக் கட்டாயம்னு போட்டுடலாம்."

நான் உடனே பேனாவை எடுத்துவிட்டேன். என் புத்தி அப்படி.

"எழுதாண்டாம் சாரே," என்றார் ஜெசிந்தா. "எழுதினா அது ஒங்களுக்கதாப் போவும். நாளைக்கு நீங்க வேண்டாம்ணா நிண்ணுபோவும். இது நீங்க வரதுக்கு முன்னயும் இருந்துது."

அதிகாரி அவரிடமே கேட்டார். "அப்போ நாங்க என்னதான் எழுதணும்?"

"தகரம் எத்தன, என்னைக்கு வரும். அது எழுதுங்க. அதுலதான் ஒங்களுக்குத் தெத்தும் தப்பும் வரும்."

என் பேனாவை மூடினேன். ஜெசிந்தா பையிலிருந்து முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் அழுத்தி, பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்தார். பகல் இரண்டு மணிக்கு அது சென்னைக்குப் போனது. மழைக்கு எட்டு நாள் முன்னால் கடைசி வீட்டின் தகரமும் ஏறிவிட்டது. அது பீமாவின் வீடு.

தூண்டில் வளைவு மனுவை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போனபோது நானும் அதே பேருந்தில் போனேன். விடுமுறை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு. மனுவை வாங்கியவர், "நீங்க எந்த நிறுவனத்தோட ஆளுங்க?" என்று கேட்டார். "எந்த நிறுவனமும் இல்ல. நாங்க அந்தத் தெருக்காரிய," என்றார் பீமா. ஜெசிந்தா வாயே திறக்கவில்லை. ரசீது பீமாவின் கையில்தான் வந்தது. அடுத்த மாதமே அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். அன்று அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவளும் நான்தான். எஞ்சினியர் என்று கூப்பிட்டதற்கு அன்றைக்குத்தான் முழுத் தகுதி வந்தது. இப்போது அங்கே கல் இறங்கிக்கொண்டிருக்கிறது. போய்ப் பாருங்கள்.

மற்ற கூட்டாளி அமைப்புகளின் ஒப்பந்தங்களிலிருந்தும் அதுபோன்ற விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். குழித்துறை மன்றத்துக்கு நேரில் போய், மன்னிப்புக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். சென்ற மாதம் அவர்கள் ஆற்றங்கரையில் ஊரைக் கூட்டியிருக்கிறார்கள். நமக்கு வர வேண்டிய அறிக்கை இரண்டு வாரம் தாமதமாக வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமை மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஏலம் முடிந்ததும் நீங்கள் நால்வரும் தேங்காய்ப்பட்டணம் போங்கள். படிவம் கொண்டுபோக வேண்டாம். நம் அலுவலகத்தில் புதிதாக ஆள் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றியும் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லும்போது எழுந்து நில்லுங்கள்.